அப்பாவுக்கு மணிக்கு இருபது மில்லிதான் உணவு: கடும் தொற்றில் பட்டினியா, ஊட்டமா?

ஆறாம்_மாடி (இழையைத் தொடங்கியவர்)

அப்பாவுக்கு வயது 68, எடை 62 கிலோ. சிறுநீரில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மூன்று நாளாக ஐ.சி.யூ.வில், வென்டிலேட்டரில் இருக்கிறார். இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தும் ஓடுகிறது.

என் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. மூக்கு வழியாக ஒரு குழாய் போகிறது. அதன் மறுமுனையில் ஒரு பம்ப். அதன் திரையில் 20 என்ற எண். மணிக்கு இருபது மில்லி. நேற்றுப் பார்வை நேரம் முழுவதும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாள் முழுக்க ஓடினாலும் அரை லிட்டர் தேறாது. கேட்டதற்கு, "இப்போதைக்கு இது போதும், மெதுவாக ஏற்றுவோம்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நோயோடு மல்லுக்கட்டுகிறவருக்குத் தெம்பு வேண்டாமா? "வயிற்றைக் காயப்போட்டே முடித்துவிடுவார்கள்" என்று அம்மா அழுகிறார். அவருக்கு நான் என்ன சொல்வது?

லங்கணம்

நண்பரே, தைரியமாக இருங்கள். லங்கணம் பரம ஔஷதம், அதாவது பட்டினியே தலைசிறந்த மருந்து. என் புனைபெயரே அதுதான். காய்ச்சல் கண்ட நாய் மூலையில் சுருண்டு கிடக்கும், தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உடம்புக்குத் தெரிந்ததை நாம்தான் மறந்துவிட்டோம். எலிகளை வைத்து நிரூபித்தே விட்டார்கள்: பாக்டீரியா தொற்றில் தீனி கொடுத்த எலிகள் செத்தன, பட்டினி கிடந்தவை பிழைத்தன. என்னைக் கேட்டால் அந்த இருபதும் அதிகம்.

எதிர்வாதம்

முகம் தெரியாத ஒருவரின் தந்தையைப் பற்றி "அந்த இருபதும் அதிகம்" என்று எழுத எப்படி மனம் வருகிறது? எலி வேறு, வென்டிலேட்டரில் கிடக்கும் 68 வயது மனிதர் வேறு. இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் காய்ச்சலோடு கிடப்பவரைப் பட்டினி போட்டால் பொறுப்பு யாருடையது?

இரவுப்பணி

பதினான்கு ஆண்டுகளாக ஐ.சி.யூ. செவிலியர். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறேன், சண்டையைப் பிறகு தொடருங்கள்.

குழாய் உணவு பொதுவாக ஒரு மில்லிக்கு ஒரு கலோரி. இருபது மில்லி என்றால் நாளுக்கு 480 கலோரி, அதாவது அப்பாவின் எடையில் கிலோவுக்கு எட்டு கலோரிக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு கணக்கும் உண்டு, அது உங்கள் கண்ணில் படாது. தூங்க வைக்கப் பால் போல வெள்ளையாக ஒரு மருந்து சிரிஞ்சில் ஓடுகிறதா என்று பாருங்கள். அது புரொபோஃபால் என்றால் கொழுப்பில் கரைத்தது. ஒரு மில்லிக்கு 1.1 கலோரி அதிலிருந்தே போகிறது. மருந்து கலக்கும் குளுக்கோஸ் தனி. ஆகவே அவர் வெறும் வயிற்றில் இல்லை.

ஏன் கூட்டவில்லை? இரத்த அழுத்த மருந்து ஓடும்போது குடலுக்குப் போகும் இரத்தம் சுருங்கியிருக்கும். அந்த நேரத்தில் குடல் முழுக்க உணவை நிரப்பினால் செரிக்க இரத்தம் கேட்கும், கொடுக்க இருக்காது. அபூர்வமாகக் குடலின் ஒரு பகுதியே அழுகிப்போகும். 2018இல் வெளியான, இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் இருந்த 2410 நோயாளிகளைக் கொண்ட பிரெஞ்சு ஆய்வொன்றில், குழாய் வழி முழு உணவு பெற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கு அப்படி ஆனது. நரம்பு வழியாக, அதாவது நேரே இரத்தக்குழாயில், ஊட்டம் பெற்றவர்களில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. எண் சிறியதுதான். அந்த வயிற்றை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது சிறியதாகத் தெரியாது.

அப்படியானால் பூஜ்யம் ஏன் இல்லை? குடலின் உட்சுவர் தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியை நேரடியாக உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதைக் கொஞ்சமாவது வேலையில் வைத்திருக்கத்தான் அந்த இருபது.

ஆறாம்_மாடி

வெள்ளை மருந்து ஓடுகிறது அக்கா. இதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். நன்றி.

நுண்ணோக்கி

நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை. லங்கணம் சொன்ன ஆய்வு உண்மைதான், ஆனால் அவர் அதில் பாதியைத்தான் சொன்னார். மறுபாதிதான் சுவாரசியமானது.

1979இல் முர்ரே இணையர் சுண்டெலிகளுக்கு லிஸ்டீரியா பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். அவை இயல்பாகவே தீனியைக் குறைத்தன. குழாய் வழியாக வலுக்கட்டாயமாக வழக்கமான அளவு ஊட்டியபோது கூடுதலாக, சீக்கிரமாகச் செத்தன. பசியின்மை நோயின் கோளாறு அல்ல, உடம்பே வகுத்த தற்காப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. ஏன் என்பதுதான் நெடுநாள் புரியவில்லை.

2016இல் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஜிட்டோவின் குழு அதே சோதனையைப் பிரித்துப் பார்த்தது. தீனியில் எது கொல்கிறது? புரதம் கொல்லவில்லை, கொழுப்பும் கொல்லவில்லை, குளுக்கோஸ்தான். அடுத்ததாக உயிருள்ள பாக்டீரியாவே இல்லாமல், வேறு வகைப் பாக்டீரியாக்களின் மேலுறையிலிருக்கும் நச்சை மட்டும் செலுத்தியும் பார்த்தார்கள். முடிவு அதேதான். கொல்வதற்கு உயிருள்ள கிருமியே இல்லாதபோதும் குளுக்கோஸ் பெற்றவை செத்தன. அப்படியானால் உணவு "எதிர்ப்புச் சக்தியை" கூட்டியதா குறைத்ததா என்ற கேள்வியே இங்கே பொருந்தவில்லை. கிருமியைக் கொல்வது ஒரு திறன். கிருமியாலும், அதைக் கொல்ல நாமே மூட்டிய நெருப்பாலும் வரும் சேதத்தைத் தாங்குவது வேறு திறன். உணவு கைவைத்தது இரண்டாவதில். பட்டினியில் கல்லீரல் கொழுப்பிலிருந்து உருவாக்கும் மாற்று எரிபொருளான கீட்டோன்கள் மூளைச் செல்களை அந்த நெருப்பிலிருந்து காத்தன; குளுக்கோஸ் வந்ததும் கீட்டோன் உற்பத்தி நின்றுவிட்டது.

லங்கணம் விட்டுவிட்டது இது: அதே குழு அதே ஆய்வில் இன்ஃபுளுவென்சா வைரஸையும் கொடுத்துப் பார்த்தது. அங்கே எல்லாம் தலைகீழ். ஊட்டப்பட்டவை பிழைத்தன, குளுக்கோஸைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கப்பட்டவை செத்தன. ஆகவே "காய்ச்சலுக்குப் பட்டினி" என்று ஒரே வரியில் சொல்ல வழியில்லை.

பாக்டீரியாக்களுக்குள்ளும் விதி ஒன்றல்ல. 2017இல் ஜேனல் அயர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு சால்மோனெல்லா என்ற குடல் கிருமியை ஆராய்ந்தது. அந்தக் கிருமி ஒரு புரதத்தைக் கொண்டு, குடலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போகும் "பசிக்காதே" என்ற செய்தியை அறுத்துவிடுகிறது. சுண்டெலி தொடர்ந்து தின்கிறது, கூடுதல் நாள் உயிரோடு இருக்கிறது, கிருமியும் மலத்தின் வழியே அடுத்த சுண்டெலிக்குப் போய்ச் சேர்கிறது. அந்தப் புரதம் நீக்கப்பட்ட கிருமி தாக்கிய சுண்டெலிகள் பசியிழந்தன, கிருமி குடலைத் தாண்டி உள்ளே பரவியது, சுண்டெலிகள் சீக்கிரம் செத்தன. விருந்தாளியே வீட்டுக்காரனுக்குச் சோறு போடும் கதை. இதை முதலில் படித்த அன்று மதிய இடைவேளை முழுவதும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம், எதிரில் உணவு ஆறிப்போனது.

லங்கணம்

வைரஸ் பகுதி எனக்குத் தெரியாது. நான் படித்த செய்தியில் அது இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாக்டீரியாவைப் பொறுத்தவரை, சால்மோனெல்லா போன்ற விதிவிலக்கை விட்டால், பட்டினி நல்லது என்பது நிற்கிறதுதானே?

நுண்ணோக்கி

முழுவதும் நிற்கவில்லை. 2023இல் வந்த இன்னோர் ஆய்வு. சுண்டெலியை 24 மணி நேரம் பட்டினி போட்டால் இரத்தத்திலிருக்கும் மோனோசைட் என்ற வெள்ளையணுக்கள் எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பிப்போய் ஒதுங்கிக்கொள்கின்றன. மீண்டும் தீனி கொடுத்ததும் மொத்தமாக வெள்ளம் போல இரத்தத்துக்குள் பாய்கின்றன. அந்த நேரத்தில் சூடோமோனாஸ் பாக்டீரியாவை நுரையீரலில் செலுத்தினால், வழக்கம்போல் தின்றவற்றைவிட இவை சீக்கிரம் செத்தன. நோய் வந்தபின் உடம்பே பசியை மூடுவது ஒன்று. நோய்க்கு முன் நாமாகப் பட்டினி கிடந்துவிட்டுத் தொற்றோடு மோதுவது வேறொன்று. அதிலும் சுண்டெலிக்கு ஒரு நாள் பட்டினி என்பது நமக்கு ஒரு நாள் அல்ல. அது மிக வேகமாக எடை இழக்கும் பிராணி.

எதிர்வாதம்

சுண்டெலிப் புராணம் போதும். மனிதர்களிடம் செய்துபார்த்த ஆய்வுகள் கைவசம் இருக்கின்றன, அவற்றைப் பேசுவோம்.

2015இல் வெளியான பெர்மிட் ஆய்வில் 894 ஐ.சி.யூ. நோயாளிகள். பாதிப் பேருக்குத் தேவையில் 40 முதல் 60 விழுக்காடு கலோரி, மீதிப் பேருக்கு 70 முதல் 100. புரதம் இரு தரப்புக்கும் ஒரே அளவு. 90 நாளில் இறப்பு 27.2 விழுக்காடு, 28.9 விழுக்காடு. இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது.

2023இல் நியூட்ரிரியா-3. பிரான்சில் 3044 பேர். எல்லாரும் வென்டிலேட்டரிலும் இரத்த அழுத்த மருந்திலும் இருந்தவர்கள், ஆறாம்_மாடியின் தந்தையைப் போல. முதல் ஏழு நாள் ஒரு தரப்புக்குக் கிலோவுக்கு 6 கலோரி, மறு தரப்புக்கு 25. இறப்பு ஏறத்தாழ சமம். ஆனால் குறைவாகப் பெற்றவர்கள் ஐ.சி.யூ.வை விட்டு வெளியேறத் தயாராக 8 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 9 நாள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் குடல் சேதமும் குறைவு.

2011இல் பெல்ஜியத்தில் 4640 பேரிடம் நடந்த ஆய்வில், நரம்பு வழி ஊட்டத்தை உடனே தொடங்கியவர்களில் 26.2 விழுக்காட்டினருக்குப் புதுத் தொற்று வந்தது. எட்டாம் நாள் வரை பொறுத்தவர்களில் 22.8. ஊட்டம் கூடக் கூடத் தொற்று குறையும் என்று நம்பியவர்களுக்கு அது நல்ல அடி. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான்.

லங்கணத்துக்கு ஒரு வார்த்தை: இந்த ஆய்வுகளில் எதிலும் "பட்டினி" என்ற தரப்பே கிடையாது. முதல் வாரத்தில் குறைவாகக் கொடுத்தால் கெடுதல் இல்லை என்றுதான் சொல்கின்றன, பட்டினி குணமாக்கும் என்று அல்ல. குணமாக்குவது ஆன்டிபயாடிக். செப்சிஸ் என்பது தொற்றுக்கு எதிராக உடம்பு கட்டுமீறிப் போய் உறுப்புகளே பழுதாகும் நிலை; இரத்த அழுத்தம் சரிந்துவிட்ட செப்சிஸில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் லங்கணம் இருந்து பார்ப்பவர் அந்த மணி நேரத்தைத் தொலைக்கிறார்.

லங்கணம்

கடைசிப் பத்தி நியாயம். முதல் பதிவில் "அந்த இருபதும் அதிகம்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆறாம்_மாடி, மன்னித்துவிடுங்கள்.

புதுமுகம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த நேரத்தில் சத்து மாத்திரைகள் கொடுக்கலாமா? வைட்டமின் சி, இரும்பு, துத்தநாகம் எல்லாம் "எதிர்ப்புச் சக்தி" என்று விளம்பரத்தில் வருகிறதே.

நுண்ணோக்கி

மூன்றுக்கும் மூன்று பதில்.

வைட்டமின் சி: செப்சிஸ் நோயாளிகளுக்கு நரம்பு வழியாகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த லோவிட் ஆய்வு 2022இல் வந்தது. 872 பேர். இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீடித்தவர்களும் சேர்த்து, வைட்டமின் பெற்றவர்களில் 44.5 விழுக்காடு, பெறாதவர்களில் 38.5. கொடுத்ததால் மோசமானது.

இரும்பு: தொற்று இருக்கும்போது வேண்டவே வேண்டாம் என்றுதான் உடம்பே சொல்கிறது. பாக்டீரியா பெருக இரும்பு வேண்டும். அதனால் தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்கு வரும் கதவையும், கிருமிகளையும் பழைய அணுக்களையும் விழுங்கும் செல்களிலிருந்து அது வெளியேறும் கதவையும் சாத்திவிடுகிறது. இரத்தத்தில் இரும்பு விறுவிறுவென இறங்கும். பரிசோதனைத் தாளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "சோகை, உடனே இரும்பு ஏற்றுங்கள்" என்று உறவினர்கள் பதறுவார்கள். அது பற்றாக்குறை அல்ல, கிருமிக்குப் போட்ட பூட்டு.

இதற்கு 2009இல் சிகாகோவில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. பிளேக் கிருமியின் வலுவிழக்கச் செய்த வகையோடு ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் ஆராய்ச்சியாளர் அந்தக் கிருமியாலேயே இறந்துபோனார். உடலிலிருந்து இரும்பைப் பறித்தெடுக்கும் திறன் இல்லாததால்தான் அந்த வகை ஆபத்தற்றது என்று கருதப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது: அவருக்குப் பிறவியிலேயே உடலில் இரும்பு தேங்கும் நோய் இருந்திருக்கிறது. பறிக்க வேண்டிய அவசியமே கிருமிக்கு இல்லை, தானாகவே கொட்டிக் கிடந்தது. நாங்கள் இன்றும் புதிதாக ஆய்வகத்துக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்கிறோம்.

துத்தநாகம்: இங்கே மட்டும் ஒரு நல்ல செய்தி, அதுவும் குழந்தைகளிடம். 2012இல் டெல்லியில் வந்த ஆய்வு. கடும் பாக்டீரியா தொற்று இருக்கலாம் என்று சேர்க்கப்பட்ட 7 முதல் 120 நாள் வயதுக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக்கோடு தினம் 10 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்தார்கள். சிகிச்சை தோற்றது 17 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்தது. பற்றாக்குறை பரவலாக உள்ள குழந்தைகள் என்பதை மறக்கக் கூடாது. குறையை நிரப்புவது வேறு, நிறைந்ததன் மேல் ஊற்றுவது வேறு.

இரவுப்பணி

நல்ல பாக்டீரியா மாத்திரைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், தினமும் ஒருவராவது கைப்பையில் கொண்டுவருகிறார்கள். ஒடிசாவின் கிராமங்களில் ஆரோக்கியமாகப் பிறந்து தாய்ப்பால் குடித்த 4556 சிசுக்களிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தபோது செப்சிஸும் மரணமும் சேர்ந்து 9 விழுக்காட்டிலிருந்து 5.4க்கு இறங்கியது, 2017இல் வெளியானது. அதே எண்ணத்தில், லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவின் வேறொரு வகையை, வென்டிலேட்டரில் இருந்த 2650 பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நிமோனியா குறையவில்லை. கொடுத்தவர்களில் 15 பேருக்கு அந்த "நல்ல" பாக்டீரியாவே இரத்தம் போன்ற இருக்கக் கூடாத இடங்களில் முளைத்தது. கைப்பையை மூடி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தொலைநோக்கு

எல்லாரும் ஐ.சி.யூ. கதவுக்குள்ளேயே நிற்கிறீர்கள். உணவு தன் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அதற்கு முன்பு, ஆண்டுக்கணக்கில்.

கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்து நார் குறைந்த தீனியில் வளர்ந்த சுண்டெலிகளுக்குப் பாக்டீரியா நச்சைச் செலுத்தியபோது, சாதாரணத் தீனி தின்றவற்றைவிட அதிகம் செத்தன. குடல் நுண்ணுயிர்கள் மாறியதால் என்றுதான் யாரும் நினைப்பார்கள். குடலில் கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளிலும் அதுவே நடந்தது (2019). ஆக, தீனி நேரடியாகவே வெள்ளையணுக்களை முன்கோபிகளாகப் பழக்கியிருக்கிறது.

உப்பு பற்றி ஜெர்மனியின் பான் நகரில் 2020இல் ஒரு வேலை நடந்தது. உப்பு கூடிய தீனியில் சுண்டெலிகளின் சிறுநீரகத் தொற்று மோசமானது. பிறகு தன்னார்வலர்கள் ஒரு வாரம் வழக்கத்துக்கு மேல் தினம் 6 கிராம் உப்பு தின்றார்கள். அவர்கள் இரத்தத்தின் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் பாக்டீரியாவைக் கொல்வதில் சுணங்கின. உப்பு நேரடியாகச் செய்த வேலை அல்ல. அதை வெளியேற்றச் சிறுநீரகம் எடுத்த முயற்சியில் ஹார்மோன்கள் மாறியதால் வந்தது.

ஆனால் மிகப் பழைய, மிக உறுதியான உண்மை வறுமையின் பட்டினி. காசநோயும் பாக்டீரியாதான். ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப் பொட்டலம் கொடுத்த ரேஷன்ஸ் ஆய்வில், அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது (2023). தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, சாப்பாடு. "பட்டினி நல்லது" என்று எழுதும் எவரும் இந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு எழுதட்டும்.

எதிர்வாதம்

இது நான் எதிர்க்க முடியாத பதிவு. என் புனைபெயருக்கு இழுக்கு.

ஆறாம்_மாடி

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். நான்காம் நாள் அழுத்த மருந்தைக் குறைத்தார்கள், அன்றே பம்ப் 30 ஆனது. பிறகு 45, 60. எட்டாம் நாள் 65. நேற்றுக் காலை வென்டிலேட்டர் குழாயை எடுத்துவிட்டார்கள். பேச்சு கரகரவென்று வருகிறது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்பது.

ஆனால் கையைப் பிடித்தபோது பகீரென்றது. முழங்கைக்கு மேல் தோலும் எலும்பும்தான். மணிக்கட்டிலிருந்த கடிகாரப் பட்டையின் தழும்புக்கு மேலே என் விரல்கள் இரண்டும் எளிதாகச் சந்தித்துக்கொள்கின்றன. இதற்கு அந்த முதல் நாட்களின் இருபதுதான் காரணமா?

இரவுப்பணி

தண்ணீர்த் தொட்டியைக் கேட்டுவிட்டாரா, அப்படியானால் மூளை நன்றாக இருக்கிறது!

தசை போனதற்கு இருபது காரணமல்ல. கடும் நோயில் தொடைத் தசை அளந்து பார்த்த ஓர் ஆய்வில் (2013) பத்து நாளில் சராசரியாக 17.7 விழுக்காடு கரைந்திருந்தது. அந்த நெருப்புக்கு உடம்பு தன் தசையையே விறகாகப் போடுகிறது. முதல் வாரத்தில் எவ்வளவு புரதம் ஊற்றினாலும் அது நிற்பதில்லை. நாளுக்குக் கிலோவுக்கு 2.2 கிராமுக்குக் குறையாமல் கொடுக்க இலக்கு வைத்த, 1301 பேரின் ஆய்விலும் பலன் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கெடுதல் ஆகியிருக்கலாம் என்றுகூடத் தெரிந்தது.

இப்போது கதை மாறிவிட்டது. நெருப்பு அணைந்தபின் உடம்பு கட்டத் தயாராக இருக்கும். இனிமேல்தான் புரதமும் கலோரியும் நிறைய வேண்டும், பல வாரங்களுக்கு. கூடவே எழுப்பி உட்கார வைத்து நடக்க வைக்க வேண்டும். அசையாத தசை தின்றதை வாங்கிக்கொள்ளாது. முதல் நாட்களில் இரத்தத்தில் பாஸ்பேட் அளவைப் பார்க்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். நெடுநாள் குறைவாக உண்டவர் திடீரென்று நிறைய உண்ணும்போது அது சரியும், இதயம் தடுமாறும்.

ஆறாம்_மாடி

கேட்டேன், காலையும் மாலையும் பார்க்கிறார்களாம். அம்மா வீட்டிலிருந்து ஒரு டப்பாவும் கரண்டியுமாக வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார். "குழாய் எடுத்தாயிற்றே, இனி நானே ஊட்டுவேன்" என்கிறார். விடலாமா?

இரவுப்பணி

இன்று வேண்டாம். அத்தனை நாள் தொண்டையில் குழாய் இருந்ததால் விழுங்கும் நரம்பும் தசையும் மரத்திருக்கும். இருமல்கூட வராமல் உணவு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பேச்சுப் பயிற்சியாளர் வந்து விழுங்கும் சோதனை செய்யட்டும். முதலில் சில துளி தண்ணீர், பிறகு கெட்டியான ஏதாவது அரைக் கரண்டி, தலையைச் சற்றுக் குனிந்தபடி. அதில் தேறினால் அடுத்த வேளைக்கு அம்மாவைக் கரண்டியோடு உள்ளே அனுப்புங்கள். அதுவரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும்.